பழைய ரேடியேட்டரைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள்!

ரேடியேட்டர் என்றவுடன் நம்மூரில் யாருக்கும் ஞாபகம் வருவது பஸ்ஸோ லாரியோதான். மலைப்பாதையில் வண்டி மூச்சு வாங்கி நிற்கும். டிரைவர் பானெட்டைத் திறந்து, மூடியைத் துணியால் பிடித்துத் திருகி, தண்ணீர் ஊற்றுவார். அந்த ரேடியேட்டரின் வேலை சூட்டை வெளியே தள்ளுவது. குளிர் நாடுகளில் வீட்டுக்குள் இருக்கும் ரேடியேட்டரின் வேலையும் அதேதான். ஒரே வித்தியாசம், அங்கே தேவைப்படுவதே அந்தச் சூடுதான்.

பாஸ்டன், சிகாகோ, டொராண்டோ, மான்ட்ரியால் போன்ற ஊர்களில் 1890-க்கும் 1930-க்கும் இடையில் கட்டப்பட்ட வீடுகளில் இன்றும் இவற்றைப் பார்க்கலாம். ஜன்னலுக்கு அடியில், விலா எலும்புகளை வரிசையாக நிறுத்தி வைத்தது போல ஒரு வார்ப்பிரும்புச் சட்டம். அடித்தளத்தில் இருக்கும் பாய்லரில் சூடான தண்ணீர் குழாய் வழியாக இதற்குள் வந்து, சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகும். அவ்வளவுதான் விஷயம். மோட்டார் கிடையாது, மின்விசிறி கிடையாது, சத்தம் கிடையாது.

இப்படி ஒரு வீடு கைமாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கியவர் வீட்டைப் புதுப்பிக்க ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிடுகிறார். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லும் முதல் யோசனை, "இந்த இரும்பையெல்லாம் முதலில் தூக்கிடலாம். எல்லாம் பழசு, கேஸ் பில் எகிறும்" என்பதுதான். மறுநாள் நான்கு பேர் வந்து, ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்குக் குறையாத அந்த இரும்பைப் படிக்கட்டில் முட்டி மோதி இறக்கி, எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் தகரக் குழாய் வழியாகச் சூடான காற்றை ஊதும் ஃபர்னஸ் வருகிறது. இல்லையென்றால் ஒல்லியான ஸ்டீல் தகடு ஒன்று வருகிறது.

இதைவிட முட்டாள்தனமான செலவு ஒரு பழைய வீட்டில் வேறு இருக்க முடியாது! ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் வரலாறு

ரேடியேட்டரைக் கண்டுபிடித்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ஃபிரான்ஸ் சான்-கல்லி. பிரஷ்யாவில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொழில் செய்தவர். காலம் 1855-ஐ ஒட்டிய ஆண்டுகள். ரஷ்யக் குளிரில் சூடு என்பது சொகுசு அல்ல, உயிர். அங்கே இதற்கு இன்றும் 'பேட்டரி' என்றுதான் பெயர். 2005-ல் சமாரா நகரத்தில் இதற்கு ஒரு நினைவுச் சின்னமே வைத்தார்கள். ஒரு ரேடியேட்டர், அதற்கு மேலே ஜன்னல் திட்டில் சுகமாகப் படுத்திருக்கும் ஒரு பூனை. ஃபர்னஸின் காற்றுக் குழாய்க்கு யாராவது எங்காவது சிலை வைப்பார்களா?

அமெரிக்காவில் இது பெரிய தொழிலாகவே வளர்ந்தது. 1892-ல் சில கம்பெனிகள் சேர்ந்து அமெரிக்கன் ரேடியேட்டர் கம்பெனி ஆனது. 1924-ல் நியூயார்க்கில் பிரையன்ட் பார்க் எதிரே அது கட்டிய கட்டடம் கருப்புச் செங்கலும் உச்சியில் தங்க நிறமுமாக, கனன்று கொண்டிருக்கும் கரி போல இருக்கும். ஜார்ஜியா ஓ'கீஃப் 1927-ல் அதை ஓவியமாகவே தீட்டினார். கட்டடம் இன்றும் இருக்கிறது, ஹோட்டலாக. அந்தக் காலத்தில் வார்க்கப்பட்ட ரேடியேட்டர்களில் பலவும் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. நூறு வயதாகியும் பென்ஷன் கேட்காமல் வேலைக்கு வரும் ஊழியரை வேலையை விட்டுத் தூக்குவதுதான் இப்போதைய நாகரிகம்.

"பழசு, அதனால் எரிபொருள் வீண்" - இது உண்மையா?

எல்லோரும் சொல்லும் குற்றச்சாட்டு இதுதான். இதில் ஒரு அடிப்படைக் குழப்பம் இருக்கிறது. ரேடியேட்டர் எதையும் எரிப்பதில்லை. எரிப்பது பாய்லர். பாய்லர் நாற்பது வருடப் பழசாக இருந்தால் கேஸ் வீணாகும், மறுப்பதற்கில்லை. அதற்குப் பாய்லரை மாற்ற வேண்டுமே தவிர ரேடியேட்டரை அல்ல. அடுப்பு சரியாக எரியவில்லை என்று தோசைக்கல்லைத் தூக்கி வீசுவது போன்றது இது.

சொல்லப்போனால் நிலைமை நேர் எதிர். இன்றைய நவீன இயந்திரங்களுக்கு மிகவும் பொருத்தமான ஜோடி அந்தப் பழைய, பெரிய ரேடியேட்டர்தான். எப்படி?

இப்போது விற்கப்படும் நல்ல கேஸ் பாய்லர்கள் 'கன்டென்சிங்' வகை. கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. பழைய பாய்லரில் அந்த நீராவி தன்னிடம் உள்ள வெப்பத்தோடு புகைபோக்கி வழியாகப் போய்விடும். கன்டென்சிங் பாய்லர் அந்த நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வீட்டைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அதைவிடச் சூடாக வந்தால் நீராவி குளிராது. கொடுத்த காசு புகைபோக்கி வழியே போகும்.

ஹீட் பம்ப் கதையும் இதேதான். வெளியில் உள்ள காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் தரும் இயந்திரம் அது (ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்டது போல). அதனிடம் 35 முதல் 45 டிகிரிச் சூட்டில் தண்ணீர் கேட்டால் குறைந்த மின்சாரத்தில் சந்தோஷமாகத் தரும். 65 டிகிரி கேட்டால் திணறும். தண்ணீரின் சூட்டை ஒவ்வொரு டிகிரி குறைக்கும்போதும் அதன் திறன் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் கூடுகிறது.

ஆக, இரண்டு இயந்திரமும் கேட்பது ஒன்றைத்தான். 'அதிகம் சூடில்லாத தண்ணீரை வைத்து வீட்டைச் சூடாக்கு' என்கின்றன. அதை எப்படிச் செய்வது? பெரிய ரேடியேட்டரால்தான் செய்ய முடியும்.

ஒரு சின்னக் கணக்கு. அறை 20 டிகிரி. ரேடியேட்டர் சராசரியாக 70 டிகிரி. வித்தியாசம் 50. இப்போது ரேடியேட்டரை 45 டிகிரிக்குக் குறைத்தால் வித்தியாசம் 25, அதாவது பாதி. ஆனால் அது தரும் வெப்பம் பாதியாகக் குறைவதில்லை, சுமார் 40 சதவீதத்துக்கே இறங்கிவிடும். அதே வெப்பம் வேண்டுமென்றால் ரேடியேட்டர் இரண்டரை மடங்கு பெரிதாக இருக்க வேண்டும்.

இங்கேதான் அந்தக் காலத்துக் கொத்தனார்களும் பிளம்பர்களும் இன்றைய ஆட்களுக்கு ஒரு பரிசை விட்டுப் போயிருக்கிறார்கள். 1910-ல் அந்த வீட்டைக் கட்டியபோது சுவருக்குள் வெப்பக்காப்பு கிடையாது. ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி. சந்து பொந்தெல்லாம் காற்று. அந்த ஓட்டை வீட்டை ஜனவரிக் குளிரில் சூடாக்கும் அளவுக்கு ரேடியேட்டரைப் போட்டார்கள். பிறகு பரணில் காப்பு போட்டாயிற்று, ஜன்னலை இரட்டைக் கண்ணாடியாக மாற்றியாயிற்று. வீட்டின் தேவை குறைந்துவிட்டது. ரேடியேட்டர் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. அதாவது, இன்றைய தேவைக்கு அது தாராளமாகப் பெரியது. புதிய இயந்திரம் கேட்கும் பொருள் ஏற்கெனவே வீட்டுக்குள் நிற்கிறது!

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே 2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள கட்டட விதிப்படி, புதிதாகப் போடும் அல்லது முழுவதுமாக மாற்றும் வெந்நீர்க் கணப்பு அமைப்பு அதிகபட்சம் 55 டிகிரித் தண்ணீரில் இயங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும். சாத்தியமில்லாத இடத்தில் மட்டுமே விலக்கு. இதன் பொருள் என்ன? சின்ன ரேடியேட்டர் காலம் முடிந்தது என்று அரசாங்கமே சொல்கிறது. கடல் கடந்து இந்தப் பக்கம் பார்த்தால், இருக்கிற பெரிய ரேடியேட்டரை எடைக்குப் போடுகிறார்கள்.

தோசைக்கல் தத்துவம்

வார்ப்பிரும்புத் தோசைக்கல்லில் தோசை வார்த்தவர்களுக்குத் தெரியும். சூடாக நேரமாகும். சூடாகிவிட்டால் அடுப்பை அணைத்த பிறகும் ஒரு தோசை வரும். ரேடியேட்டரும் அதே ஜாதி.

100 கிலோ இரும்பும் உள்ளே 15 லிட்டர் தண்ணீரும் உள்ள ஒரு ரேடியேட்டர் 60 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறும்போது ஏறக்குறைய 0.9 யூனிட் அளவு வெப்பத்தை (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்) அறைக்குக் கொடுக்கிறது. 30 கிலோ ஸ்டீலும் 6 லிட்டர் தண்ணீரும் உள்ள தகடு அதே சூட்டிலிருந்து ஆறினால் கொடுப்பது ஏறக்குறைய 0.3 யூனிட்.

இதை வைத்து 'இரும்பு ரேடியேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்தும்' என்று சில கடைக்காரர்கள் விளம்பரம் செய்கிறார்கள். அது தப்பு. ஆறும்போது கொடுத்த வெப்பம், சூடாகும்போது வாங்கிய வெப்பம்தான். இரும்பு எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. இதனால் கிடைப்பது மிச்சம் அல்ல, நிதானம். பாய்லர் நின்றாலும் அறை சட்டென்று குளிராது, ஓடினாலும் சட்டென்று கொதிக்காது. நாள் முழுவதும் ஆள் இருக்கும் வீட்டுக்கு இதுதான் வேண்டும். வாரத்தில் ஒருநாள் மட்டும் திறக்கும் வீட்டுக்கு இது சரிப்படாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊதும் காற்று நல்லதா?

எதிர்த் தரப்பின் பெரிய ஆயுதம், காற்றை ஊதும் ஃபர்னஸ். தகரக் குழாய்கள் வீடு முழுக்க ஓடும். ஃபர்னஸ் ஓடும்போது குப்பென்று சூடு. நின்றவுடன் ஜில். மறுபடி குப். இரவெல்லாம் இந்த இரைச்சலோடு தூங்க வேண்டும். கூடவே ஒரு அறையின் தூசி, சமையல் வாசனை எல்லாம் வீடு சுற்றும்.

அந்தக் குழாய்களின் லட்சணம் தெரியுமா? சாதாரண வீடுகளில் குழாய்க்குள் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஓட்டை உடைசல் வழியாக வீணாகிறது என்று அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டமே சொல்கிறது. தண்ணீர்க் குழாயில் பத்தில் இரண்டு பங்கு ஒழுகினால் வீடே மிதக்கும், உடனே பிளம்பரைக் கூப்பிடுவார்கள். காற்று ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது. பில்லில் மட்டும் தெரியும்.

ரேடியேட்டரில் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி வால்வு. படுக்கையறை குறைவாக, குளியலறை கூடுதலாக என்று வைத்துக்கொள்ளலாம். ஜன்னலுக்கு அடியில் அதை வைத்ததும் சும்மா அல்ல. குளிர்ந்த கண்ணாடியிலிருந்து கீழே இறங்கும் ஜில் காற்றை, ரேடியேட்டரிலிருந்து எழும் சூடான காற்று அங்கேயே தடுத்துவிடும். காலடியில் குளிர் ஊராது.

"ஆனால் குழாய் இருந்தால் கோடையில் ஏ.சி.யும் அதிலேயே போடலாமே?" இது நியாயமான கேள்வி. எதிர்த் தரப்பிலேயே வலுவான வாதம் இதுதான். ஆனால் இன்று குழாயே தேவைப்படாத ஸ்ப்ளிட் ஏ.சி. இருக்கிறது. நம்மூரில் வீட்டுக்கு வீடு அதுதானே மாட்டுகிறார்கள்? கோடைக்கு அதை வைத்துக்கொண்டு, குளிருக்கு ரேடியேட்டரை விட்டுவிடலாம். ஏ.சி.க்காக நல்ல கணப்பைப் பிடுங்குவது, குடை வாங்குவதற்காகச் செருப்பை விற்பது போல.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஆவி வேறு, வெந்நீர் வேறு

இதுவரை சொன்னதெல்லாம் வெந்நீர் ஓடும் ரேடியேட்டருக்கு. நியூயார்க்கின் பழைய அடுக்குமாடிகளில் பலவற்றில் ஓடுவது நீராவி. வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். குணம் வேறு.

ஆவி ரேடியேட்டர் 100 டிகிரியை ஒட்டித்தான் வேலை செய்யும். மேலே சொன்ன 45 டிகிரிக் கணக்கெல்லாம் அதில் செல்லாது. நியூயார்க் அடுக்குமாடிகளில் நடுக் குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பதற்கும் ஒரு கதை உண்டு. 1918 ஃப்ளூ தொற்றின்போது, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். அதனால் ஜன்னல் திறந்திருந்தாலும் அறை சூடாகும் அளவுக்குப் பாய்லரையும் ரேடியேட்டரையும் பெரிதாகப் போட்டார்கள் என்கிறார், ஆவிக் கணப்பின் வரலாற்றை எழுதிவரும் டான் ஹோலோஹன்.

ஆவியில் அபாயமும் உண்டு. 2016 டிசம்பரில் பிராங்ஸ் பகுதியில், வீடற்றவர்களுக்காக நகரம் எடுத்திருந்த ஒரு குடியிருப்பில், ரேடியேட்டரிலிருந்து சீறிய ஆவியால் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்தார்கள். அக்கா தங்கை. ஒரு வால்வு சரியாக இருந்திருந்தால் நடந்திருக்காத சாவு. பழசை ஆதரிப்பவர்கள் இதை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது. ஆவி ரேடியேட்டர் உள்ள வீட்டில் வருடா வருடம் வால்வைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். வாடகை வீடென்றால் அது வீட்டுக்காரரின் பொறுப்பு. பராமரிப்பு இல்லாத பழசைப் 'பாரம்பரியம்' என்று புகழ்வது கொலைக்குத் துணை போவது.

குறைந்த சூட்டில் ஓடும் வெந்நீர் ரேடியேட்டரிலோ இந்த அபாயம் கிடையாது. 45 டிகிரியில் இருக்கும் இரும்பைக் குழந்தை தொட்டாலும் கை வெந்துவிடாது. கொதிக்கக் கொதிக்க ஓடும் சின்னத் தகட்டைவிட மிதமாக ஓடும் பெரிய இரும்பு பாதுகாப்பானது.

ரிப்பேர் என்ற மறந்துபோன விஷயம்

வார்ப்பிரும்பு ரேடியேட்டர் என்பது தனித்தனித் துண்டுகளைக் கோத்துச் செய்தது. ஒரு துண்டு விரிசல் விட்டால் அதை மட்டும் கழற்றி வேறு துண்டைச் சேர்க்கலாம். அறைக்கு இன்னும் சூடு வேண்டுமா, இரண்டு துண்டு கூட்டிக்கொள்ளலாம். மெல்லிய ஸ்டீல் தகடு உள்ளுக்குள் துருப்பிடித்து ஓட்டையானால் மொத்தமாகக் குப்பைதான். வார்ப்பிரும்பின் பெரிய எதிரி உறைபனி ஒன்றுதான். ஆளில்லாத வீட்டில் தண்ணீரை வடிக்காமல் விட்டால், அது உறைந்து இரும்பைப் பிளந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. அந்த இரும்பை உருக்கி வார்க்க வேண்டிய கரியெல்லாம் நூறு வருடத்துக்கு முன்பே எரிந்துவிட்டது. அந்தப் புகையைத் திரும்பப் பிடிக்க முடியாது. வேலை செய்யும் பொருளை அழித்துவிட்டு, புதிதாக ஒன்றைச் செய்யத் திரும்பவும் உலையை மூட்டுவதற்குப் 'பசுமை' என்று பெயர் வைப்பதுதான் உச்சக்கட்டக் காமெடி.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால்...

* ஒரு குளிர்காலம் முழுக்க, பாய்லரின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். கடுங்குளிர் நாளிலும் 50, 55 டிகிரியில் வீடு சூடாக இருந்தால், அந்த ரேடியேட்டர்கள் புதிய இயந்திரத்துக்குத் தயார். பைசா செலவில்லாத சோதனை. (பழைய வகைப் பாய்லரை நாள் கணக்கில் இப்படி ஓட்டினால் அதன் உள்ளே துரு பிடிக்கும், தெரிந்தவரைக் கேட்டுச் செய்வது நல்லது.)
* மேற்பகுதி மட்டும் ஜில்லென்று இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. சின்னச் சாவியால் திருகி அந்தக் காற்றை வெளியேற்றினால் போதும். இதற்காக ரேடியேட்டரையே மாற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.
* மினுமினுக்கும் வெள்ளி பெயின்ட் வெப்பக் கதிர்வீச்சைக் குறைக்கும். சாதாரண பெயின்ட் எந்த நிறமானாலும் பரவாயில்லை.
* அழகுக்காக மரப்பெட்டி போட்டு மூடுவதும், நீளமான திரையை மேலே தொங்கவிடுவதும் வெப்பத்துக்குப் போடும் பூட்டு.
* பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அது தடை செய்யப்பட்டதே 1978-ல்தான். சும்மா சுரண்டக் கூடாது, முக்கியமாகக் குழந்தைகள் உள்ள வீட்டில்.
* ரேடியேட்டரே இல்லாத வீட்டுக்குப் பழசை வாங்கிப் போடுவதானால், தரை அந்த எடையைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு, தண்ணீர் ஏற்றி ஒழுகுகிறதா என்று சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு "பார்க்க அசிங்கமாக இருக்கிறது, இடத்தை அடைக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அது அவர் ரசனை. அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் அந்த ரசனைக்கு 'சிக்கனம்' என்றும் 'விஞ்ஞானம்' என்றும் பெயர் வைத்து, காசு எண்ணிக் கொடுக்கும் ஒரு குடும்பத்தின் தலையில் கட்டக்கூடாது.

வேலைக்கும் படிப்புக்கும் குளிர் ஊர்களுக்குப் போகும் நம்மவர்களில் பலர் பிறகு அங்கேயே பழைய வீடும் வாங்குகிறார்கள். கான்ட்ராக்டர் வந்து இரும்பைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கும்போது அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது எத்தனை டிகிரித் தண்ணீரில் இந்த அறையைச் சூடாக்கும் என்று அளந்து பார்த்தீர்களா?"

பதில் வரவில்லையென்றால் ரேடியேட்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கான்ட்ராக்டரை மாற்றிவிடலாம்.